பூனை கொட்டாத எண்ணெய்

மகனே,

இதை யாருக்கும் காட்டாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். உன் கூடப் பிறந்தவர்கள் கேட்டாலும், உனக்கு வரப்போகிறவள் கேட்டாலும், "உடம்பைப் பார்த்துக்கொள் என்று அம்மா எழுதியிருக்கிறாள்" என்று சொல்லி மடித்து வைத்துவிடு. உன் தாத்தா கண்ணில் மட்டும் இது படவே கூடாது. தாத்தா என்று நான் சொல்வது என் அப்பாவை. இந்த நேரத்தில் அவர் வீட்டில் இல்லை. விளக்கு வைத்துச் சற்று நேரத்துக்கெல்லாம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனவர் இன்னும் திரும்பவில்லை. அவர் வருவதற்குள் இதை எழுதி முடித்து, நோட்டைக் குதிருக்குப் பின்னால் செருகிவிட வேண்டும்.

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை. புதுக்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான்காம் பாரம் படிக்கிறேன். வெளியூருக்குப் புறப்படும் மகனுக்குத் தாய் எழுதுவதுபோல ஒரு கடிதம் எழுதி வாருங்கள் என்று எங்கள் தமிழ் டீச்சர் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, கெட்ட சகவாசம் வேண்டாம், மாதம் ஒரு கார்டு போடு என்று எழுதினால் போதும், மார்க் கிடைத்துவிடும். அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் "அன்புள்ள மகனுக்கு" என்று எழுதியதும், உண்மையாகவே நீ எங்கேயோ இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல ஆகிவிட்டது. இன்றைக்கு இந்த வீட்டில் நடந்ததை உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது. டீச்சருக்கு வேறு கடிதம் எழுதிக் கொடுத்துக்கொள்வேன். மண்ணெண்ணெயை அளந்து கொடுக்கிற காலம் இது. அடுப்படியில் சிட்டி விளக்கைத் தரையோடு தரையாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அடுத்த அறையில் அம்மா படுத்திருக்கிறாள். தூங்கவில்லை. வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

முதலில் உன் தாத்தாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் கெட்டவர் என்று நீ நினைத்துவிடக் கூடாது. சமஸ்தானத்து ஆபீசில் குமாஸ்தா வேலை பார்க்கிறார். திருக்கோகர்ணத்தில் கோயிலுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. வயசுக்கு வந்த பெண்ணை எதற்குப் பள்ளிக்கூடம் அனுப்புகிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, "அவ படிக்கிறதுல ஒங்களுக்கு என்னய்யா செலவு?" என்று வாயை அடைத்தவர். வாரா வாரம் வெள்ளிக்கிழமை ஒரு பத்திரிகை வாங்கி வருவார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் விளக்கடியில் உட்கார்ந்து அதில் வரும் தொடர்கதையை அவர் உரக்கப் படிப்பார், அம்மாவும் நானும் கேட்போம். நன்றாகப் படிப்பார். பெண் பேசுகிற இடத்தில் குரலை இறக்குவார். அழுகிற இடத்தில் உண்மையாகவே அழுதுவிடுவார்.

இப்போது அதில் வருகிற கதை பவளம் என்ற பெண்ணைப் பற்றியது. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அண்ணன் வீட்டில் நெல் அறையில் கிடக்கிறாள். புருஷன் வீட்டார் அவளைத் திரும்ப அழைக்கிறார்கள்; மாடுபோல வேலை வாங்குவதற்குத்தான். ஒருமுறை அங்கே கையில் சூடு வாங்கிக்கொண்டு ஓடி வந்தவள் அவள். இருந்தும் நாளைக் காலையில் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுகிறேன் என்று அண்ணன் வாக்குக் கொடுத்துவிடுகிறான். போன வாரம் இந்த இடம் வந்தபோது அப்பா பத்திரிகையை மடியில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன சென்மங்கெ இவங்கெ! கூடப் பொறந்தவளை இப்படியா தள்ளிவிடுவாங்கெ? இவனெல்லாம் ஒரு அண்ணனா?" என்றார். அம்மா விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள். நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. இருந்தாலும் தூண்டினாள்.

மகனே, அந்த நெல் அறை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அந்த அண்ணன் என் அப்பாதான்.

அப்பாவுக்கு ஒரு தங்கை உண்டு. என் அத்தை. நான் பாவாடை நாடாவை முடிச்சுப் போடத் தெரியாமல் இருந்த காலத்தில் அவள் இங்கே இருந்தாள். கறம்பக்குடியில் வாழ்க்கைப்பட்டு, இரண்டு பொங்கல்கூடக் கழியாமல் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள். அங்கே திரும்ப அனுப்புவதாக அப்பா சொன்ன நாளுக்கு முந்தின ராத்திரி, அவள் ஓடிவிடுவாளோ என்ற சந்தேகத்தில் வாசல் கதவுக்குக் குறுக்கே கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டாராம். கொல்லைக் கதவுக்குக் காவல் தேவைப்படவில்லை. அதன் இரும்புத் தாழ்ப்பாளை இழுத்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். விடிந்து பார்த்தால் அத்தை இல்லை. கொல்லைக் கதவு உள்ளே தாழிட்டது தாழிட்டபடியே இருந்தது. ஓட்டின் மேல் ஏறிக் குதித்துப் போயிருப்பாள் என்று ஊரே முடிவு கட்டியது. அப்பா குளத்தில் போய்த் தலைமுழுகிவிட்டு வந்தார். உயிரோடு இருப்பவரைச் செத்தவராக எண்ணி முழுகுவது உன் காலத்திலும் உண்டா என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அந்தப் பேரை இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. ஈரத் துணியோடு அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போய், அம்மன் சந்நிதிக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, அதில் கை வைத்து அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். "இதுல ஒனக்குக் கை இருந்துச்சுன்னா இப்பவே சொல்லிரு. பின்னால தெரிஞ்சா, அவ போன வழியே நீயும் ஒங்க ஆத்தா வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான். பிள்ளை இங்க இருக்கும்," என்றார். அம்மா கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, "எனக்கு ஒண்ணும் தெரியாது," என்று சொல்லி அணைத்தாள். அம்மன் முன்னால் அணைத்த பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். அப்பாவும் பேசவில்லை. நீ பெரியவனாகி உன் வீட்டுப் பெண்கள்மேல் எவ்வளவு சந்தேகம் வந்தாலும், யாரையும் கற்பூரத்தில் கை வைக்கச் சொல்லாதே. உண்மையைச் சொல்ல முடிகிற வீடாக இருந்தால் கற்பூரம் எதற்கு? சொல்ல முடியாத வீடாக இருந்தால் அந்தக் கற்பூரம் பொய்யைத்தான் வாங்கித் தரும்.

அத்தையின் முகமே எனக்கு மறந்துபோயிருந்தது. சென்ற மாதம் ஒரு மத்தியானம் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "ஒன்னைப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஒருத்தங்க வந்திருக்காங்க. எங்கூட டிரெயினிங் படிச்சவங்க. பயப்படாமப் போ," என்றார். வேப்பமரத்தடியில் கண்ணாடி போட்டுக்கொண்டு, வெள்ளைச் சேலையில் கறுப்புக் கரையோடு ஒரு அம்மாள் நின்றார். முழங்கைக்குக் கீழே பளபளவென்று ஒரு தழும்பு. என்னைப் பார்த்ததும், "அடி ஆத்தி, எங்க அண்ணன் மூக்கை அப்படியே வாங்கி வச்சிருக்கியே. பாவம்டி நீ!" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் அவருக்கே சிரிப்பு வரவில்லை.

அந்தத் தொடர்கதையை எழுதுவது அவர்தான். ஆண் பெயரில் எழுதுகிறார். மெட்ராஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. கதை பாதி வந்துவிட்டதாம். பவளம் வீட்டை விட்டுப் போகிற அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லையாம். "எல்லாத்தையும் ஞாபகத்துல இருந்துதான்டி எழுதுறேன். ஞாபகம் எங்கிட்டயே பொய் சொல்லுதோன்னு சந்தேகமாயிருச்சு. அந்த அறையையும் கதவையும் ஒருதரம் கண்ணால பார்த்துட்டுப் போயிர்றேன். ஒங்கப்பா ஆபீஸ்ல இருந்து எப்ப வருவாரு?" என்றார். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயந்தேன். ஆனால், மகனே, எனக்குள் சந்தோஷமும் இருந்தது. நாங்கள் அழுதுகொண்டே கேட்ட கதையை எழுதியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்! யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. முக்காடு போட்டுக்கொண்டு அவர் பின்னால் வர, நான் முன்னால் நடந்தேன்.

அம்மா கதவைத் திறந்து அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எங்களை உள்ளே இழுத்துத் தாழ்போட்டாள்.

"எதுக்குத் தாயி வந்த? நல்லா இருக்கியான்னு கேக்கக்கூட வாய் வரமாட்டேங்குது. மொதல்ல எதுக்கு வந்தன்னு சொல்லு."

"வீட்டைப் பார்க்க வந்தேன் அண்ணி. ஒங்களையும்தான்."

"வீடு எங்கிட்டும் போயிராது. அவுக வந்தா நான்தான் போகணும்."

அத்தை நெல் அறைக்குள் போனார். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்போலச் சுவரைத் தடவினார், சன்னலுக்கு நேரே தரையில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார். "அண்ணி, இந்தச் சன்னல் இவ்வளவு சின்னதாவா இருந்துச்சு? வானம் தெரிஞ்சுச்சுன்னு எழுதிட்டேனே. எதிர்ச்சுவருதான் தெரியுது," என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வானம் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? இதுக்கா மெட்ராஸ்ல இருந்து டிக்கெட்டு எடுத்துக்கிட்டு வந்த?" என்றாள். அதைக் கேட்டு அத்தை சிரித்தார். அம்மாவும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அத்தை கையில் மோர் டம்ளரைக் கொடுத்துவிட்டு அம்மா மெதுவாகச் சொன்னாள்:

"முதல் வாரம் அவுக படிக்கையிலேயே நீதான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒண்ணு மட்டும் கேக்குறேன். கதையில வர்ற அந்த அண்ணிக்காரி இருக்காள்ல, அவளைச் சாகடிச்சுரு."

"அண்ணி!"

"காய்ச்சல்ல போயிட்டாள்னு எழுதிரு. செத்துப்போனவளை யாரும் தேட மாட்டாங்கெ. கதவை யாரு தொறந்தான்னும் கேக்க மாட்டாங்கெ."

"மாட்டேன். ஒங்களைச் சாகடிச்சுட்டு நான் அந்தக் கதையை எழுதி என்ன செய்யப்போறேன்?" என்றார் அத்தை.

அப்போது எனக்குப் பாதிதான் புரிந்தது. அம்மா அடுப்பைப் பார்க்கப் போன நேரத்தில் நானும் அத்தையும் கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றோம். அவர் தாழ்ப்பாளை இழுத்தார். கிறீச்சென்று அலறியது. இருவருமே திடுக்கிட்டோம். அவருடைய முகம் வெளுத்துப்போயிருந்தது. அவரைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் வீட்டில் எல்லாரும் சிரிக்கிற ஒரு சம்பவம் உண்டு; அதைச் சொன்னேன். "நீங்க போன அன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா அத்தை? இந்தப் படியில வெளக்கெண்ணெய் குட்டையாத் தேங்கி நின்னுச்சாம். யாரு கொட்டுனான்னு அப்பா கேட்டாராம். பூனை கிண்ணத்தைத் தட்டிவிட்டுருச்சுன்னு அம்மா சொன்னாளாம். இருந்த கோவத்தையெல்லாம் அப்பா பூனைமேல காட்டி, அதைச் சாக்குல போட்டுக் கட்டி, கறம்பக்குடிச் சந்தைக்குப் போற வண்டியில ஏத்திவிட்டுட்டாராம். என்னை அனுப்ப முடியலேன்னு பூனையை அனுப்புனியான்னு நீங்க கேப்பீங்கன்னு நான் நெனைச்சுக்குவேன்," என்றேன்.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "எண்ணெயா? அது வழிஞ்சு தேங்குச்சா? அய்யோ, எனக்கு இது தெரியாதே," என்றார். அந்த எண்ணெயை ஊற்றியது யார் என்று அப்போதுதான் எனக்குச் சொன்னார். அன்று ராத்திரி அம்மா கைவிளக்குகூட இல்லாமல் வந்து, தாழ்ப்பாளில் சொட்டுச் சொட்டாக விளக்கெண்ணெய் விட்டு, ஊறட்டும் என்று இருட்டில் காத்து நின்று, பிறகு பூப்போல இழுத்துத் திறந்திருக்கிறாள். அத்தை வெளியே போனதும் திரும்பவும் தாழிட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். நான் இத்தனை நாளும் சிரிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான்.

"எழுதிராதீங்க அத்தை," என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அவர் கண் என்மேல் இருந்தாலும் மனசு அங்கே இல்லை. அந்தப் பூனையோடு வண்டியில் போய்க்கொண்டிருந்தது. "எல்லாத்தையும் மாத்தித்தான்டி எழுதுவேன். ஊர் பேரு மாத்திட்டேன், ஆள் பேரு மாத்திட்டேன். ஒரு பூனையை வச்சு யாரு கண்டுபிடிக்கப் போறா?" என்றார். நான் இன்னொரு தரம் சொல்லியிருக்க வேண்டும். காலைப் பிடித்தாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். நான் சொன்ன பூனைக்கதை அச்சில் வரும், அப்பா அதைப் படிப்பார், அது நான் சொன்னது என்று எனக்கு மட்டும் தெரிந்திருக்கும் என்று ஆசைப்பட்டேன். அடுத்தடுத்த வாரங்களில் பத்திரிகை வந்தவுடன் பூனை வந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தது நான்தான். உனக்கு எழுதத் தெரிந்தால், ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னதை எழுதுவதற்கு முன்னால், அது அச்சில் வந்தால் யாருக்கு வலிக்கும் என்று போய்க் கேள். அவர் வேண்டாம் என்று சொன்னால் நிறுத்திக்கொள். அத்தை நிறுத்தவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதைவிட என்மேல் அதிகமாக இருக்கிறது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. பூனை வந்துவிட்டது.

அப்பா நல்ல மனநிலையில்தான் உட்கார்ந்தார். பவளம் போய்விட்டாள் என்று தெரிந்ததும், "அப்பாடா, தப்பிச்சா மகராசி!" என்று தொடையில் தட்டினார். அடுத்து, விடிந்த பிறகு அந்த வீட்டில் நடப்பதைப் படித்தார். படிக்கல்லில் எண்ணெய் தேங்கிக் கிடக்கிறது. அண்ணி பூனைமேல் பழி போடுகிறாள். அண்ணன் பூனையைச் சாக்கில் கட்டிச் சந்தை வண்டியில் ஏற்றுகிறான். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "இந்தா, இதைக் கேட்டியா? நம்ம வீட்டுப் பூனை மாதிரியேல்ல எழுதியிருக்கான்! இவனுக்கு எப்படித்..." என்றார். சிரித்த வாய் மூடாமலே இருந்தது. அடுத்த வரியைப் படித்தார். குரல் தாழ்ந்துவிட்டது. தாழ்ப்பாளில் எண்ணெய் விட்ட விரலை அண்ணி முந்தானையில் துடைத்துக்கொண்டாள் என்று அந்த வரியில் இருந்தது. அத்தோடு நிறுத்திவிட்டார். பக்கத்தைத் திருப்பவில்லை.

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்கு அந்த எண்ணெயைக் கொட்டுனது யாரு?"

"எந்த எண்ணெய்ங்க?"

"எந்த எண்ணெய்னு ஒனக்குத் தெரியும்."

"பூனைதான்னு அன்னைக்கே சொன்னேனே."

"அம்மனுக்கு முன்னாடியும் சொன்ன."

"ஆமாங்க."

அப்பா எழுந்து சாமி மாடத்திலிருந்த கற்பூர டப்பாவை எடுத்தார். ஒரு கட்டியை எடுத்து விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். சத்தம் போடவே இல்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது. "காலையில நடை தொறந்ததும் போவோம். அன்னைக்குச் சொன்னதைத் திரும்பவும் சொல்லு. சொல்லிட்டியன்னா நான் இந்தப் பத்திரிகையை இனிமே தொடமாட்டேன்," என்றார். சாப்பிடவில்லை. போய்விட்டார். கற்பூரம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. நான் எழுதுகிற இடத்துக்கு அதன் வாசனை வருகிறது.

அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "ஒரு தடவை பொய்யா அணைச்சுட்டேன். ஒங்கத்தை உசுரு அதுல இருந்துச்சு, அம்மன் பொறுத்துக்கிட்டா. இப்ப என் உசுரைக் காப்பாத்திக்க இன்னொரு தடவை அணைக்க மாட்டேன். காலையில நெசத்தைச் சொல்லிருவேன். அதுக்கப்புறம் நான் ஒங்க அம்மாச்சி வீட்டுலதான் இருப்பேன். நீ அழுது ஆர்ப்பாட்டம் பண்ணாம இங்க இருந்து பரீட்சை எழுதணும். என்ன, கேக்குதா?" என்றாள். என் தலையைப் பின்னிவிட்டுக்கொண்டே சொன்னாள். ராத்திரியில் யாராவது தலை பின்னுவார்களா? காலையில் பின்ன அவள் இருக்க மாட்டாள் என்று நினைத்துத்தான் பின்னினாள். பூனையைப் பற்றி அத்தையிடம் சொன்னது நான்தான் என்று அவளிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும்டி. வேற யாரு சொல்லுவா?" என்றாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மகனே, இனிமேல் எழுதுவதைத்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். அம்மா போய்ப் படுத்த பிறகு, அப்பா பாதியில் விட்ட பத்திரிகையை எடுத்துப் பக்கத்தைத் திருப்பினேன். அந்த அத்தியாயத்தில் இன்னும் ஒரு பக்கம் மீதி இருந்தது. விடிவதற்கு முன்னால் ரயிலடி. பவளம் பெண்கள் பெட்டியில் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். பார்சல் எடை போடும் பெரிய தராசுக்குப் பின்னால் ஒரு மனிதன் மறைந்து நிற்கிறான். தோளில் கிடக்கும் துண்டு மட்டும் தெரிகிறது. அது அவள் கையால் ஓரம் தைத்த துண்டு. அண்ணன் வந்துவிட்டான், முடியைப் பிடித்து இறக்கப்போகிறான் என்று அவள் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். அவன் வரவில்லை. கூப்பிடவும் இல்லை. வண்டி நகர்கிற வரைக்கும் அங்கேயே நிற்கிறான். வண்டி போன பிறகு வீட்டுக்குத் திரும்பி, தங்கையைக் காணவில்லை என்று எல்லாரையும் எழுப்புகிறான்.

இது கதையா, நடந்ததா? எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டைப் பார்த்த பிறகு அத்தை ரயில் ஏறப் போனபோது வழியனுப்ப நானும் போனேன். பிளாட்பாரத்தில் அந்தத் தராசு இன்னும் இருக்கிறது. அவர் என்னை அதற்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னார். "இன்னும் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளு. தலையைக் குனிஞ்சுக்க. தாவணி வெளியில தெரியட்டும்," என்றார். பெண்கள் பெட்டி வந்து நிற்கிற இடத்துக்குப் போய் அங்கிருந்து என்னைப் பார்த்தார். திரும்பி வந்து, "தெரியுது. அப்ப நான் கண்டது பொய்யில்லை," என்றார். யாரை என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதைக்காக ஏதோ அளந்து பார்க்கிறார் என்று விட்டுவிட்டேன். இன்னொன்றும் இப்போது தோன்றுகிறது. அந்தப் பத்திரிகை ஆபீசுக்கு எதிர்க்கடையிலேயே தொங்குகிறது. அப்பா அங்கே வாங்குவதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அவ்வளவு தூரம் நடந்து ரயிலடிக்குப் போய்த்தான் வாங்கி வருகிறார்.

அவர் அங்கே நின்றது உண்மையாக இருந்தால், அவரும் அத்தையைப் போகவிட்டவர்தான். தெரிந்துகொண்டே அம்மா கையைக் கற்பூரத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார். தாழ்ப்பாளைத் திறந்தவள் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்றால், ரயிலை நிறுத்தாதவர் எங்கே போவது? இதை நான் அவரிடம் கேட்கப்போகிறேன். அப்பாவை எதிர்த்து இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அது உண்மையில்லை, அத்தை ஆசைப்பட்டு எழுதிக்கொண்டது என்றால், வேவு பார்த்த பெண் என்று என்னையும் சேர்த்து அனுப்பிவிடுவார். பள்ளிக்கூடம் போய்விடும். ஆனால் கோயில் நடை திறந்துவிட்டால் அம்மா நெசத்தைச் சொல்லிவிடுவாள். அதற்குப் பிறகு எதைப் படித்துக் காட்டியும் பிரயோசனம் இல்லை. அவர் வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, அவர் விட்ட இடத்திலிருந்து நான் உரக்கப் படிப்பேன். அம்மாவும் கேட்கட்டும். அந்தப் பக்கத்தை அவள் இன்னும் கேட்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். கதை கேட்கும்போது அவருக்கு முகத்தை மறைக்கத் தெரியாது.

உனக்கு இதில் சொல்லவேண்டிய புத்தி இன்னும் ஒன்றுதான். கதையில் வருகிற பெண்ணுக்காக நீ அழுதால் நல்லதுதான், அழு. அழுது முடித்ததும் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு உன் வீட்டு நெல் அறையை ஒருமுறை எட்டிப்பார். அங்கே யாராவது

கதவு தட்டுகிறது. அப்பாதான், இருமல் கேட்கிறது. அம்மா எழுந்துவிட்டாள், "இந்தா வாரேங்க" என்கிறாள். நான் முந்திக்கொள்ள வேண்டும். பத்திரிகை எங்கே, இதோ இருக்கிறது, பக்கம்